முதல் பதினஞ்சு நிமிஷம் தூள், அப்புறம் தூக்கம்: ஸ்பை பட சீரிஸை ஏமாறாம பாக்கறது எப்படி

ஸ்பை படம்னா நம்ம ஏரியாவுல ஒரு தனி கிறுக்குங்க. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கற எங்களுக்கு ஒரு வசதி வேற இருக்கு, அக்கட்ட பாலக்காடு போனா இங்கிலீஷ்லயே பாக்கலாம், இக்கட்ட பொள்ளாச்சியோ கோயமுத்தூரோ போனா தமிழ் டப்பிங்ல பாக்கலாம், ரெண்டு பக்கமும் பஸ் இருக்கு. ஆனா எந்தப் பக்கம் போனாலும் நடக்கறது ஒண்ணுதான். படம் ஆரம்பிச்ச பதினஞ்சு நிமிஷம் தியேட்டரே ஆடும், விசிலடிச்சு வாய் வலிக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பிப் பாத்தா பக்கத்து சீட்டு மாப்ள போன்ல நாளைக்கு தேங்கா என்ன ரேட்டுன்னு பாத்துட்டு இருப்பான்.

இது ஏதோ ஒரு படத்துக்கு மட்டும் நடக்கறதில்ல, இந்த வகைக்கே இருக்கற வியாதி. அதனால எப்படி முன்னாடியே மோப்பம் பிடிக்கறது, எந்த எடத்துல படம் விழுந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது, விழுந்த படத்துல எதை மட்டும் பொறுக்கிப் பாக்கலாம், இதெல்லாம் சொல்றேன். கதையெல்லாம் உடைச்சுத்தான் சொல்லப்போறேன், பழைய படங்கதான், இன்னும் பாக்கலைன்னா அது உங்க பாடு.

ஆரம்ப சீனை நம்பாதீங்க

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது இதுதான். பாண்ட் படத்துல டைட்டிலுக்கு முன்னாடி ஒரு சீன் வருதில்ல, அது பெரும்பாலும் தனிப் படம். 1963ல வந்த ஃப்ரம் ரஷ்யா வித் லவ்லதான் டைட்டிலுக்கு முன்னாடி சீன் வைக்கற பழக்கமே ஆரம்பிச்சுது, அடுத்த வருஷம் கோல்ட்ஃபிங்கர்ல அந்த சீனுக்கும் மெயின் கதைக்கும் சம்பந்தமே இல்லாம வெச்சாங்க, ஹிட் ஆயிருச்சு, அப்புறம் அதுவே ஃபார்முலா. ஸ்டண்ட்டுக்குன்னு செகண்ட் யூனிட், அதாவது மெயின் டைரக்டர் இல்லாத ரெண்டாவது டீம், தனியா கிளம்பிப் போய் எங்கயோ எடுத்துட்டு வரும். 1977ல வந்த தி ஸ்பை ஹூ லவ்ட் மீல ஸ்கீயில வந்து மலையில இருந்து குதிச்சு பாராசூட் விரியற சீன், அது கனடாவுல பாஃபின் தீவுல அஸ்கார்ட் மலையில ரிக் சில்வெஸ்டர்னு ஒருத்தர் நெசமாவே குதிச்சது, அந்த ஒரு குதிக்கு 30,000 டாலர் சம்பளம். அந்த குதிக்கும் படத்தோட திரைக்கதைக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. பந்தல் போட்டவன் வேற, உள்ள பந்திக்கு சமைக்கறவன் வேற, பந்தலைப் பாத்துட்டு சாப்பாடு அடிபொளின்னு சொல்ல முடியுமா?

1999ல வந்த தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப் இன்னும் நல்ல உதாரணம். மொதல்ல ஸ்பெயின்ல பில்பாவோங்கற ஊர்ல நடக்கற சீனோட டைட்டில் போடறதாத்தான் பிளான், அது பத்தலைன்னு தோணி, தேம்ஸ் ஆத்து போட் சேஸையும் டைட்டிலுக்கு முன்னாடியே இழுத்து வெச்சுட்டாங்க. அதுதான் ஆரம்பமே பதினாலு நிமிஷம் பக்கம் ஓடுது. சரக்கை எல்லாம் வாசல்லயே அடுக்கிட்டா உள்ள என்ன இருக்கும்?

அதனால ஆரம்ப சீன் முடிஞ்சதும் கை தட்டுங்க, தப்பே இல்ல, ஆனா "படம் தீ"ன்னு வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போட்டுறாதீங்க.

டைட்டில் முடிஞ்சதும் வர்ற ரூம் சீன்

இதுதான் நான் சொல்ல வர்ற மெயின் விஷயம், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை வெச்சுக்கோங்க. டைட்டில் பாட்டு முடிஞ்சதும் ஹீரோ எங்கயாவது ஒரு ரூமுக்குள்ள போவான், மேலதிகாரி உக்காந்திருப்பார், வேலை குடுப்பார். நம்மாளுங்க பாதிப்பேரு பாப்கார்னுக்கு எந்திரிக்கற நேரம் அது. எந்திரிக்காதீங்க. அந்த சீன் முடிஞ்சப்ப, ஹீரோ இப்ப எதுக்குப் போறான்னு உங்களால ஒரே வரியில சொல்ல முடியுதா பாருங்க. "சூதாட்டத்துல வில்லனைத் தோக்கடிச்சு அவன் காசைக் காலி பண்ணணும்." இது 2006 கேசினோ ராயல். "தீவிரவாதக் கூட்டங்களுக்குள்ள மறைஞ்சிருக்கற ஒற்றர்கள் பேர் லிஸ்ட் திருட்டுப் போச்சு, திரும்ப எடுக்கணும்." இது 2012 ஸ்கைஃபால். "எல்லாரும் செத்தாச்சு, நான்தான் துரோகின்னு என் மேலயே பழி, நெசமான துரோகியக் கண்டுபிடிக்கணும்." இது 1996ல வந்த முதல் மிஷன் இம்பாசிபிள். மூணும் கடைசி வரைக்கும் நின்ன படங்க.

ஒரு வரியில சொல்ல முடியலைன்னா, இல்ல "அது வந்து மாப்ள, முந்தின படத்துல ஒருத்தன் இருந்தானில்ல, அவனோட..."ன்னு இழுக்க வேண்டி வந்துச்சுன்னா, அங்கயே பெல் அடிச்சாச்சுன்னு அர்த்தம்.

இதுக்குக் கூட இன்னொரு சின்ன செக் இருக்கு. ஆரம்ப சீன்ல ஒரு கடன் வெச்சாங்களான்னு பாக்கணும். முதல் மிஷன் இம்பாசிபிள்ல பிராக்ல டீமே சாகுது, அது கடன், படம் பூராவும் அதைத்தான் அடைக்கறாங்க. 1995 கோல்டன்ஐல கூட வேலை பாத்த 006 ஆரம்பத்துலயே செத்துப்போன மாதிரி காட்டி அப்புறம் அவனே வில்லனா வர்றான், அதுவும் கடன். கடன் இல்லாத ஆரம்பம் வெறும் வாணவேடிக்கை, நல்லா இருக்கும், ஆனா அதை வெச்சு மிச்சப் படத்தைக் கணக்குப் போட முடியாது.

செகண்ட் ஆஃப் சொதப்பல்னு சொல்றதை நிறுத்துங்க

நம்ம ஊர்ல எல்லா படத்துக்கும் ஒரே தீர்ப்பு, ஃபர்ஸ்ட் ஆஃப் சூப்பர் செகண்ட் ஆஃப் வேஸ்ட். தமிழ் மலையாளம் இந்திப் படத்துக்கு அது சரி, ஏன்னா அவங்க இன்டர்வெல்லுக்குன்னே ஒரு ஷாட் யோசிச்சு எழுதறாங்க. ஹாலிவுட்காரன் இன்டர்வெல்லே யோசிக்கறதில்ல, நம்ம தியேட்டர்ல சமோசா விக்கறதுக்காக நடுவுல வெட்டறதுதான் அது. ஒருத்தன் பேசிட்டு இருக்கும்போதே லைட் எரியும், நீங்களே பாத்திருப்பீங்க. அதனால அந்தப் படங்களுக்கு இன்டர்வெல்ல அளவுகோலா வெச்சா கணக்கு தப்பும். எந்த சீன்ல விழுந்துச்சுன்னு சீன் பேரைச் சொல்லணும், அப்பத்தான் ஏன் விழுந்துச்சுன்னு தெரியும்.

வாங்க, ஒரு படத்தை எடுத்துப் போட்டு அறுத்தே காட்டறேன். 2015ல வந்த ஸ்பெக்டர். இந்தியாவுக்கு நவம்பர் 20ல வந்துச்சு, நம்ம சென்சார் போர்டு முத்தக் காட்சியில பாதியை வெட்டி அனுப்பி ஊரே சிரிச்ச படம், ஞாபகம் இருக்கும்.

ஆரம்பம் மெக்சிகோ சிட்டி, இறந்தவங்களுக்கான திருநாள், ஆயிரத்தி ஐநூறு துணை நடிகருங்க மண்டையோட்டு முகமூடி போட்டுட்டு தெருவுல போறாங்க, கேமரா ஒரே ஷாட் மாதிரி தெருவுல இருந்து ஹோட்டலுக்குள்ள போய், லிஃப்ட்ல ஏறி, ரூமுக்குள்ள நுழைஞ்சு, ஜன்னல் வழியா மொட்டை மாடிக்கு வரும். மாதிரின்னுதான் சொல்றேன், பல ஷாட்டை கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்காங்க, ரூம் உள்பக்கம் எல்லாம் இங்கிலாந்துல ஸ்டுடியோவுல எடுத்தது. ஒட்டினது தெரியாததுதான் அதுல அழகு. இதுல ஒரு கூத்து கேளுங்க, அப்படி ஒரு ஊர்வலம் மெக்சிகோ சிட்டியில அதுக்கு முன்னாடி கெடையவே கெடையாது, படத்துக்காக இவங்க இட்டுக்கட்டினது. படம் பாத்துட்டு டூரிஸ்ட் வந்து எங்கய்யா ஊர்வலம்னு கேப்பாங்களேன்னு 2016ல இருந்து நெசமாவே நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு சினிமா ஆரம்ப சீன் ஒரு ஊருக்கே திருவிழா குடுத்துருச்சு, அவ்வளவு பவர்.

டைட்டில் முடிஞ்சு ரூம் சீன். நம்ம டெஸ்டைப் போடுங்க. பாண்டோட மேலதிகாரி எம் திட்டறார், சஸ்பெண்ட் மாதிரி வீட்டுல உக்காருங்கறார். வேலை குடுத்தது யாருன்னா முந்தின படத்துல செத்துப்போன பழைய எம், வீடியோவுல வந்து ஒருத்தனைக் கொல்லு, அவன் சாவுக்கு மறக்காம போன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. சரி, இது கூட ஓகே, "செத்தவன் சாவு வீட்டுக்குப் போய் யார் வர்றாங்கன்னு பாக்கணும்", ஒரு வரியில சொல்லிரலாம். ரோம்ல அந்த சாவு, அப்புறம் அந்த பெரிய மேஜை மீட்டிங், இருட்டுல முகம் தெரியாம ஒருத்தன் மெதுவாப் பேசறான், எல்லாரும் மூச்சு விடாம உக்காந்திருக்காங்க. அது வரைக்கும் படம் நெஜமாவே நல்ல படம், என்னைக் கேட்டா ஆரம்ப சீனை விட அந்த மேஜை சீன்தான் ஒசத்தி, குண்டு வெடிக்காமயே பயம் காட்டுது.

விழ ஆரம்பிக்கறது அதுக்கு அடுத்த கார் சேஸ்ல. ராத்திரி ரோம்ல தெருவே காலியா இருக்கு, ரெண்டு அழகான கார் ஓடுது, ஆனா பாண்ட் ஸ்டியரிங் பிடிச்சுட்டே ஆபீஸ்ல கூட வேலை பாக்கற மணிபென்னிக்கு போன் போட்டு கேஸ் விசாரிச்சுட்டு இருக்கான். துரத்தறவன் மேல ஹீரோவுக்கே பயம் இல்லைன்னா நமக்கு எதுக்கு வரணும்? அங்க குறிச்சுக்கங்க, முதல் விரிசல்.

அப்புறம் ஆஸ்திரியாவுல மிஸ்டர் ஒயிட்டுன்னு முந்தின படங்கள்ல வந்த வில்லன் கூட்டத்து ஆளோட சீன் ஒண்ணு தூக்கி நிறுத்தும், டேஞ்சியர் ஹோட்டல்ல சுவத்தை உடைக்கற சீன் ஒண்ணு, ரயில்ல டேவ் பாட்டிஸ்டா கூட ஒரு ஃபைட்டு, இதெல்லாம் வரும் போகும். மொத்தமா கவுந்தது பாலைவனத்துல இருக்கற வில்லன் கோட்டைக்குள்ள போனதும்தான். கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் மாதிரி ஒரு நடிகனை உக்கார வெச்சு என்ன சொல்ல வெச்சாங்க? நீயும் நானும் சின்ன வயசுல ஒரே வீடு, எங்கப்பா உன்னைக் கொஞ்சினார், அதனால எனக்குக் கடுப்பு, முந்தின மூணு படத்துல உனக்கு வந்த கஷ்டமெல்லாம் என் வேலைதான். முடிஞ்சுது. ஊரையெல்லாம் ஆட்டிப் படைக்கற இயக்கத் தலைவன்னு ஒரு மணி நேரமா காட்டினவனை ஒரு நிமிஷத்துல பங்காளிச் சண்டைக்காரனா ஆக்கிட்டாங்க. அந்தக் கோட்டை வெடிக்கற சீனுக்கு மொராக்கோவுல எர்ஃபூத்ங்கற எடத்துல 8,418 லிட்டர் மண்ணெண்ணெய் கொளுத்தினாங்க, சினிமாவுலயே பெரிய வெடின்னு கின்னஸ்ல ஏறுச்சு, எங்க ரேஷன் கடையில கார்டுக்கு அளந்து ஊத்தறதை நெனச்சா வயிறு எரியுது, அவ்வளவு ஊத்தியும் தியேட்டர்ல ஒருத்தனும் நிமிந்து உக்காரலைங்க. யார் மேலயும் பயமில்லாதப்ப எவ்வளவு பெருசா வெடிச்சா என்ன. அதுக்கப்புறமும் லண்டன்ல இன்னொரு கிளைமாக்ஸ் இருக்கு, போட்ல இருந்து துப்பாக்கியால ஹெலிகாப்டரை சுடறான், அது விழுது, நாமளும் எந்திரிச்சு செருப்பைத் தேடறோம்.

இப்ப ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கணும், இதுதான் சீன் பேரு சொல்லி குறிச்சுக்கறதுல இருக்கற லாபம். ஸ்பெக்டர்ங்கற இயக்கமும், வால்ட்ஸ் நடிச்ச அந்த ப்ளோஃபெல்டுங்கற வில்லனும் பல வருஷமா கோர்ட் கேஸ்ல மாட்டிக் கெடந்துச்சு. கெவின் மெக்ளோரின்னு ஒருத்தர், பாண்டை எழுதின இயன் ஃப்ளெமிங் கூட சேந்து ஒரு திரைக்கதை எழுதினார், அதையே ஃப்ளெமிங் 1961ல தண்டர்பால் நாவலா போட்டுட்டார், இவர் கேஸ் போட்டு 1963ல சினிமா உரிமையை வாங்கிட்டார். அதனால பாண்ட் கம்பெனிக்காரங்க ரொம்ப காலம் அந்தப் பேரைத் தொடவே முடியல, 1981 படத்துல மொட்டைத் தலை சக்கர நாற்காலி ஆள் ஒருத்தனை பேரே சொல்லாம புகைபோக்கிக்குள்ள தள்ளிவிட்டாங்க, அவ்வளவு கடுப்பு. டேனியல் க்ரெய்க் படங்கள்ல அதுக்குப் பதிலா குவாண்டம்னு வேற இயக்கம் வெச்சாங்க. 2013 நவம்பர்ல மெக்ளோரி குடும்பத்தோட சமாதானம் ஆகி உரிமை கைக்கு வந்துச்சு. வந்ததும் விடுவாங்களா, அடுத்த படத்துலயே இறக்கியாகணும், ஆனா அதுக்குள்ள மூணு படம் அந்த இயக்கமே இல்லாம ஓடிருச்சு, அதனால பழசையெல்லாம் இழுத்து வந்து இதோட முடிச்சுப் போட வேண்டி வந்துச்சு. ஸ்கைஃபால் வில்லன் சில்வாவுக்கு யாரோட உதவியும் தேவைப்படல, அவனும் இவன் ஆள்னா எப்படி நம்பறது? 2014ல சோனி கம்பெனி கம்ப்யூட்டரை ஹேக் பண்ணி மெயிலெல்லாம் வெளிய வந்துச்சில்ல, அதுல கடைசிப் பகுதி சரியில்லன்னு அவங்க ஆளுங்களே புலம்பியிருந்தது தெரிஞ்சுது. ஆக எடுக்கறவங்களுக்கே முன்னாடியே தெரியும்.

மத்த படங்க எங்க விழுந்துச்சு

ஒரு படத்தை அப்படிப் பிரிச்சுப் பாத்துட்டா மத்ததெல்லாம் வேகமா தெரியும். 2002 டை அனதர் டே, வட கொரியாவுல பாண்ட் மாட்டி 14 மாசம் சித்திரவதை, தாடியும் மீசையுமா வெளிய வர்றான், காட்டிக்குடுத்தவன் எவன்னு கண்டுபிடிக்கணும், என்ன அருமையான கடன் பாருங்க. ஐஸ்லாந்து போனதும் கண்ணுக்குத் தெரியாத கார், அப்புறம் கம்ப்யூட்டர்ல வரைஞ்ச அலை மேல பாராசூட் சறுக்கு, சோலி முடிஞ்சுது. காசு நல்லாத்தான் வந்துச்சு, 43 கோடி டாலருக்குப் பக்கம், இருந்தும் இந்த ரூட் இனி ஆகாதுன்னு அடுத்த படத்துல ஆளையும் மாத்தி கதையையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. வசூலை வெச்சு விழுந்துச்சா இல்லையான்னு பாக்காதீங்கன்னு இதுக்குத்தான் சொல்றது.

2008 குவாண்டம் ஆஃப் சோலஸ், கேசினோ ராயல் முடிஞ்ச சூட்டோட கார் சேஸ், செம்ம ஆரம்பம். 2007 நவம்பர்ல இருந்து 2008 பிப்ரவரி வரைக்கும் ஹாலிவுட்ல எழுத்தாளருங்க ஸ்ட்ரைக், ஸ்கிரிப்ட் முழுசா இல்லாமயே ஷூட்டிங் போனாங்க, தானும் டைரக்டரும் உக்காந்து சீன் எழுதினதா க்ரெய்க்கே அப்புறம் சொல்லியிருக்கார். 106 நிமிஷம்தான், அவ்வளவு சீக்கிரம் முடியற பாண்ட் படம் வேற இல்ல, அந்த ஒரு புண்ணியம்.

1979 மூன்ரேக்கர்ல பாராசூட் இல்லாம விமானத்துல இருந்து விழுந்து அடுத்தவன் பாராசூட்டைப் பிடுங்கற ஆரம்பம், இன்னிக்குப் பாத்தாலும் வயிறு கலங்கும். அதுக்கு முந்தின படத்து கடைசியில அடுத்து வர்றது வேற படம்னு பேர் போட்டாங்க, 1977ல ஸ்டார் வார்ஸ் ஓடின ஓட்டத்தைப் பாத்துட்டு பாண்டை விண்வெளிக்கு அனுப்பிட்டாங்க. ஊரே ஓடற பக்கம் ஓடின கேஸ்.

இந்திப் பக்கம் 2025 ஆகஸ்ட் 14 வார் 2. அன்னிக்கே கூலியும் வந்துச்சு, எங்க ஏரியாவுல எது பாக்கறதுன்னு ஒரு பேச்சே எழல, அது வேற விஷயம். ரித்திக் ரோஷன் அறிமுகம் ஜப்பான்ல, நல்லாத்தான் இருந்துச்சு. போகப் போக பிளாஷ்பேக்கு, ரெண்டு பேரும் சின்ன வயசு சிநேகிதங்களாம். திரும்பவும் பங்காளிக் கதை! சில பேரு பர்சனல் கதை வந்தாலே படம் அவுட்டுன்னு சொல்றாங்க, அது சரியில்ல, ஸ்கைஃபால் முழுக்க பர்சனல்தான், எம்முக்கும் சில்வாவுக்கும் இருக்கற பழைய கணக்குதான், ஆனா அதுதான் கதைன்னு படம் சீக்கிரமே சொல்லிருது. பாதிக்கு மேல திடீர்னு சொந்தக்காரன் ஆகறதுதான் பிரச்சினை.

நம்ம வீட்டு சரக்கு

வெளியூர்க்காரனையே திட்டிட்டு இருக்க வேண்டாம். ஜெய்சங்கரை தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்னு கொண்டாடினவங்க நாம, அக்கட்ட பிரேம் நசீர் 1971ல சி.ஐ.டி. நசீர்னு ஆரம்பிச்சு அடுத்த வருஷமே டாக்ஸி கார்னு அடுத்த பாகமும் விட்டார், பாகம் பாகமா எடுக்கற பழக்கம் நம்ம பக்கம் புதுசில்ல.

ஆரம்பம் தூள், அப்புறம் தொபக்கடீர்ங்கறதுக்கு தமிழ்ல 1986 விக்ரமை அடிச்சுக்க ஆளில்ல. சுஜாதா எழுத்து, கமல், அக்னிபுத்திரன்னு ஒரு ஏவுகணை கடத்தல், கம்ப்யூட்டரு, இளையராஜா டைட்டில் பாட்டு. இந்தியா நெசமான அக்னியை விட்டது 1989ல, அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அப்படி ஒரு பேரு வெச்ச கதை. நம்ம டெஸ்ட்ல பாஸ், "ஏவுகணை திருட்டுப் போச்சு, வெடிக்கறதுக்குள்ள பிடிக்கணும்." அப்புறம் சலாமியான்னு ஒரு கற்பனை நாட்டுக்குள்ள போறாங்க, ராஜா, ராணி, எலிக்கோயில், அம்ஜத் கான், டிம்பிள் கபாடியா, ஏவுகணை எங்க போச்சுன்னே மறந்துரும். அந்த நாட்டு எல்லையைத் தாண்டற எடம்தான் விழுந்த எடம், ரொம்ப சுலபமா குறிச்சுரலாம்.

விஸ்வரூபம் கதையை எங்க பக்கத்துக்காரங்க மறக்க மாட்டோம். 2013 ஜனவரி 25ல கேரளாவுல ரிலீஸ், தமிழ்நாட்டுல தடை, அங்க பிப்ரவரி 7லதான் வந்துச்சு. நடுவுல ரெண்டு வாரம் கோயமுத்தூர், பொள்ளாச்சியில இருந்து வாளையார் தாண்டி வண்டி வண்டியா பாலக்காட்டுக்கு வந்தாங்க, லாட்டரி வாங்க வந்த கூட்டத்தை விட சினிமா பாக்க வந்த கூட்டம் ஜாஸ்தி. கதக் ஆடிட்டு நளினமா நடந்துட்டு இருந்த ஆளு அந்த குடோன்ல கட்டவுத்து அடிக்கற அந்த சீன், மலையாளி சேட்டன்மாரும் நம்மாளுங்களும் சேந்து கத்தினாங்க. ரெண்டாம் பாகம் 2018 ஆகஸ்ட் 10. நிறைய பகுதி முதல் பாகத்தோடயே எடுத்தது, தயாரிப்புக்காரங்க பணச் சிக்கல்ல பெட்டியில தூங்கி அஞ்சு வருஷம் கழிச்சு வந்துச்சு. அதனால படம் பூரா முதல் பாகத்துல விட்ட எடத்தை நிரப்பிட்டே இருக்கு, முன்னாடி போகவே மாட்டேங்குது. அதுலயும் வஹீதா ரெஹ்மான் மறதி வந்த அம்மாவா வர்ற சீன் மட்டும் பாருங்க, ஸ்பை படத்தையே மறந்துருவீங்க. அடுத்த பாகம் ரொம்ப லேட்டா வந்தா, முந்தினதோட மிச்சத்தை வெச்சு ஒட்டியிருக்காங்களான்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி விசாரிங்க.

எந்தப் பக்கம் போய்ப் பாக்கறது

பேச்சை நம்பி ஓடற படம்னா பாலக்காடு போங்க, இங்கிலீஷ்லயே பாருங்க. கேசினோ ராயல்ல அந்த சீட்டாட்டம் பூரா மூஞ்சியும் குரலும்தான், அதை டப்பிங்ல பாத்தா பாதி போச்சு. ஓட்டம் சாட்டம்தான் படம்னா தமிழ் டப்பிங்கே போதும், குழந்தைக, வீட்டுப் பெரியவங்க கூட வந்தா அதுதான் நல்லது. ஆனா ஒண்ணு, டப்பிங் எழுதறவங்க கெட்டிக்காரங்க, தொய்யற எடத்துல எல்லாம் ஒரு வடிவேலு டைப் கவுண்டர் போட்டு ஓட்டிருவாங்க, நீங்களும் சிரிச்சுட்டு வந்துருவீங்க, படம் விழுந்ததே தெரியாது. அது ஏமாத்தா உபகாரமான்னு உங்க இஷ்டம். எனக்கு உபகாரம்தான்.

முதல் நாள் விடியக்காலை ஷோ கிறுக்கு இருக்கறவங்களுக்கு கேரளாப் பக்கம்தான் கதி, 2023ல லியோவுக்கு இங்க நாலு மணிக்குப் படம், தமிழ்நாட்டுல ஒம்பது மணிக்குத்தான். ஆனா சீரிஸ் படத்துக்கு விடியக்காலை போகாதீங்க, அந்த நேரத்துல கூட்டம் ஆரம்ப சீனுக்கு கத்தற கத்துல நம்ம ரூம் சீன் டெஸ்ட் காதுலயே விழாது. சனிக்கிழமை மத்தியானம் போங்க. அதுக்குள்ள தள்ளு விடறவங்க விட்டு முடிச்சிருப்பாங்க, கொஞ்சம் உண்மை வெளிய வந்திருக்கும்.

பாத்துட்டு வந்தவன்கிட்ட எப்படிக் கேக்கறது

"மாப்ள படம் எப்படி"ன்னு கேட்டா "மாஸ்"னு வரும், அது பதில் இல்ல. இப்படிக் கேளுங்க: வில்லனுக்கு என்ன வேணும்? அவன் யோசிக்காம பதில் சொன்னா நம்பிப் போங்க. "வில்லன் யாருன்னா..."ன்னு ஆரம்பிச்சா ஓடிடிக்கு வரட்டும். நீங்க அடுத்தவங்களுக்குச் சொல்லும்போதும் மொத்தமா மொக்கைன்னு அடிச்சு விடாம "ரோம் மீட்டிங் வரைக்கும் பாரு, அப்புறம் உன் இஷ்டம்"னு சொல்லுங்க, கதையும் உடையாது, எதிர்பார்ப்பும் அளவா இருக்கும், அவனும் டிக்கெட் காசுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டான். பெரியப்பா சித்தப்பா யாராச்சும் கேட்டா ஃபைட்டு எத்தனைன்னு மட்டும் சொல்லிட்டு நகந்துருங்க, அவங்களுக்கு அது போதும்.

விழுந்த பாகத்தை வீட்டுல பாக்கறப்ப

டிவியிலயோ ஓடிடியிலயோ பாக்கறப்ப ரிமோட் கையில இருக்கு, முழுசா பாக்கணும்னு சட்டமில்ல. ஆனா சீரிஸ்ல ஒரு சிக்கல், விழுந்த பாகத்தைத் தாண்டினா அடுத்த பாகம் புரியுமா? க்ரெய்க் பாண்டையே எடுத்துக்கங்க, ஸ்பெக்டரை விட்டுட்டு நேரா 2021ல வந்த நோ டைம் டு டை போனா முழிப்பீங்க, ஏன்னா அது 163 நிமிஷமும் மேடலீன்ங்கற பொண்ணைச் சுத்தித்தான், ப்ளோஃபெல்டும் ஜெயில்ல உக்காந்திருப்பான். அதனால ஸ்பெக்டர்ல மெக்சிகோ ஆரம்பத்தை முழுசா பாருங்க, ரோம் மேஜை மீட்டிங்கை விடாதீங்க, கார் சேஸை ஓட்டிருங்க. ஆஸ்திரியாவுல மிஸ்டர் ஒயிட் வீட்டு சீன் கட்டாயம், அவரு பொண்ணுதான் மேடலீன். அடுத்து டேஞ்சியர் ஹோட்டல் ரூம், ரயில் ஃபைட்டு. பாலைவனக் கோட்டையில அவன் சின்ன வயசுக் கதை சொல்ற ரெண்டு நிமிஷம் மட்டும் பல்லைக் கடிச்சுட்டுப் பாத்துட்டு, மண்ணெண்ணெய் வெடிக்கறதை ஆசைக்கு ஒரு தடவை பாத்துட்டு, நேரா கடைசிப் பத்து நிமிஷத்துக்குப் போங்க, பாலத்து மேல யார் யார்கூட நடந்து போறாங்கன்னு தெரிஞ்சா போதும். 148 நிமிஷப் படம் ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும். மறுநாள் நோ டைம் டு டை போடுங்க, அதுலயும் டைட்டிலுக்கு முன்னாடி நார்வே பனியும் மட்டேரா ஊரும் பிரமாதமா இருக்கும், டைட்டில் முடிஞ்சதும் எந்திரிக்காம உக்காந்து கவனிங்க.